வெள்ளிக்கிழமை ஐந்து வரி

விளக்கம் என்று தாளின் உச்சியில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தாகிவிட்டது. கோடு நேராகத்தான் வந்திருக்கிறது. முப்பது வருஷம் அடிக்கோல் இல்லாமல் கரும்பலகையில் கோடு போட்ட கை, அந்தப் பழக்கம் எங்கே போய்விடும். கோட்டுக்குக் கீழேதான் ஒரு எழுத்து விழுவேனா என்கிறது. மணி மூன்று இருபது. நாலு பத்துக்குக் கடைசி மணி அடித்துவிடும். அதற்குள் இந்தத் தாள் கிளார்க் சந்தானம் கைக்குப் போயாக வேண்டும். கவரில் போட்டு ஒட்டித் தன் வண்டியிலேயே கொண்டுபோய்க் கல்வி அலுவலகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார் மனுஷன். விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணையில் கொடுத்த மூன்று நாள் கெடு இன்றோடு முடிகிறது. அமலோற்பவம் டீச்சர் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். எதிரே ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் முப்பத்து நாலு தலைகளும் புத்தகத்தின்மேல் கவிழ்ந்திருந்தன. மனசுக்குள் படியுங்கள் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறாள். ஒன்றும் படிக்கவில்லை, அது அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அதுகளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை என்றால் இந்த வகுப்பில் ஐந்து வரி எழுதுகிற நேரம். அந்த வாரம் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றை ஐந்தே வரியில் எழுத வேண்டும். ஆறாவது வரி எழுதினால் மார்க் கிடையாது, பார்க்காததை எழுதினாலும் கிடையாது. பதினெட்டு வருஷமாக எந்த ஊருக்கு மாற்றல் ஆனாலும் அவள் விடாமல் நடத்திவருகிற வழக்கம். இன்றைக்கு அது இல்லை. முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டீச்சர், ஐந்து வரி இல்லையா டீச்சர்?" என்று கேட்டதற்குத் தலையைத் தூக்காமலே, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. சனியன் பிடித்த வார்த்தை, இவ்வளவு நடந்த பிறகும் வாயை விட்டுப் போகிறதா பார். கேட்ட பிள்ளை பாவம், சரி டீச்சர் என்று புத்தகத்தைப் பிரித்துக்கொண்டது.

அவள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள், ஆனாலும் பார்த்தாள். ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் கனிஷ்கா. இடது புருவத்துக்கு மேலே ஆறு தையல் பிரித்த தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை, அம்மாக்காரி அதன்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசி அனுப்பியிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் வருகிறாள். வருகிறாளே தவிர வாயைத் திறப்பதில்லை. முன்னால் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்குகிற பிள்ளை, பெஞ்சைவிட்டு எழும்பி எழும்பித் தூக்கும், உட்காருடி நாலு பேர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று இவளே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள். இந்த வாரம் அந்தக் கை மேசையை விட்டு எழவே இல்லை. சரி, இப்போது எழுது, எழுது. பொருள் என்று எழுதினாள், பார்வை என்று குறிப்பாணையின் எண்ணையும் எழுதினாள். குறிப்பாணையை எடுத்து மறுபடி படித்தாள். வகுப்பறையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்ததாகவும், உடல்நலமில்லாத மாணவியைக் கவனியாது விட்டதாகவும் மாணவியின் தந்தை புகார் அளித்துள்ளதால், தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது. ஏன் எடுக்கக் கூடாது. நல்ல கேள்வி. பரீட்சையில் இதற்கு எத்தனை மதிப்பெண் என்று நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. மத்தியானம் சத்துணவு முட்டை வெந்த வாசனை இன்னும் வராந்தாவில் நின்றது. காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மேசையில் குறிப்பாணைக்குப் பக்கத்திலேயே சந்தானம் கொண்டுவந்து வைத்த இன்னொரு கட்டு இருக்கிறது. மேலே டைப் அடித்த ஒரு தாள், அடியில் கோணல்மாணலாக ஒரு கற்றைத் தாள்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பச்சை டேக் போட்டுக் கட்டியிருந்தார். "டீச்சர், நீங்க ஒண்ணும் மண்டையை உடைச்சிக்க வேணாம். எல்லாம் ரெடி. கையெழுத்து மட்டும் போடுங்க போதும்." இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எத்தனை பேருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவர். அவரிடம் ஒரே மாதிரிதான், பெயரையும் தேதியையும் மாற்றிக்கொள்வார். போன வருஷம் டிரில் சாருக்கு எழுதிக் கொடுத்ததில் பழைய வரி ஒன்று மாற்றாமல் கிடந்து, ஏப்ரல் மாதத்து வெயிலில் நடந்த விஷயத்துக்குக் கனமழை காரணமாக என்று போய்விட்டது. அதையும் அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டு கோப்பை மூடினார்கள். யாரும் படிப்பதில்லை, அதுதான் விஷயம். படிக்காமலிருப்பதற்காகவே எழுதுகிற எழுத்து அது.

நீயும் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயேன் என்றுதான் ஆரோக்கியமும் காலையில் சொன்னார். கட்டிய கணவர், பஸ் டெப்போவில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது, இட்லி மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே சொன்னார். "அமலி, பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயில்ல சாமியார் இருக்காரு. அங்க போய்ச் சொல்லு, அவரு மன்னிச்சு விட்டுடுவாரு. ஆபீஸ்ல எதுக்கு?" நியாயமான பேச்சுதான். அவள் பதில் சொல்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எப்போதும் அப்படித்தான், பதில் சொல்வதற்குள் ஏதாவது ஒன்றுக்கு நேரமாகிவிடுகிறது. ஏழு ஐந்து பஸ், அதை விட்டால் ஏழு நாற்பது, இறங்கினதும் வருகை ஆப், பிறகு சீருடை அளவு, காலணி அளவு, குடற்புழு மாத்திரை, வாக்காளர் பட்டியல், யாரோ வரப்போகிறார்கள் என்று சுவருக்குப் படம், யாரோ வந்துவிட்டுப் போனார்கள் என்று அறிக்கை, அதற்கு நடுவில் எங்கேயோ ஒரு ஓரத்தில் தமிழ். பாடம் நடத்துவதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் பாடம் நடத்துவதற்கு நேரத்தைத் திருட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இதுவும் ஒரு சாக்குதான் என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள், ஏனென்றால் வீட்டில் ஆப் எதுவும் இல்லை, அங்கேயும் அவள் வாயில் அதே வார்த்தைதான். மகன் சின்னவனாக இருந்தபோது, பல் விழுந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அம்மா என்று சுற்றிச்சுற்றி வந்தான், இவள் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு நிமிஷம்டா, ஒரு நிமிஷம்டா என்றாள். கடைசியில் பல்லை எங்கேயோ தொலைத்துவிட்டு அழுதான். அப்போது ஆரோக்கியம் அடித்த கேலி இன்னும் வீட்டில் ஓடுகிறது. "ஒங்கம்மா கல்லறையில மத்தவங்களுக்கு எழுதற மாதிரி இறைவனில் இளைப்பாறுகிறாள்னு எழுதக் கூடாதுடா. ஒரு நிமிஷம், இதோ வர்றேன்னு எழுதணும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தக் கேலி திடீரென்று ஞாபகம் வந்து, வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

எழுது. பணிந்து சமர்ப்பிக்கும் விளக்கமாவது என்று பேனா தானாக ஆரம்பித்தது, அடித்தாள். மாவது, என்ன மாவது. பிள்ளைகளை இப்படி எழுத விடுவாளா இவள். இந்த விஷயத்தில் அவள் ஒருமுறை பட்டிருக்கிறாள், மறக்கக்கூடிய பாடா அது. பிளஸ் டூ முடித்த வருஷம், திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பு வேலைக்காரர்கள் இருந்த தெரு, தெருக்குழாயில் ஒரு மாசமாகத் தண்ணீர் இல்லை. தெருவில் நன்றாகப் படித்தவள் இவள்தான் என்று மனு எழுதச் சொன்னார்கள். எழுதினாள் பார், மூன்று பக்கம். கருணையே உருவான என்று ஆரம்பித்து, வான்முகில் பொய்த்தாலும் தங்கள் வாய்மொழி பொய்க்காது என்று நடுவில் ஒரு போடு போட்டு, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் வாங்கிய சொற்களையெல்லாம் அதில் கொட்டினாள். எதிர்வீட்டு சவரியம்மா அதைத் தலைமேல் வைக்காத குறையாகக் கொண்டுபோனாள், இவளும் கூடப் போனாள். நகராட்சி ஆபீஸில் இருந்த அதிகாரி முதல் பக்கம் படித்தார், இரண்டாம் பக்கம் படித்தார், மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, சவரியம்மாவைப் பார்த்து, "ஏம்மா, ஒங்களுக்கு இப்ப என்னதான் வேணும்?" என்றார். சவரியம்மா சொன்னாள், "தண்ணி." அவ்வளவுதான். அவர் அதைத் தன் கைப்பட மனுவின் மேல் எழுதிக்கொண்டார். நாலாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. தெருவே அமலோற்பவத்தைப் புகழ்ந்தது, அவளுக்குத்தான் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டது அது. மற்றதெல்லாம் காலேஜில் படித்தது, பயிற்சியில் படித்தது, எதுவும் நிற்கவில்லை, இது நின்றது. நடந்தது என்ன, யார் செய்தார்கள், உனக்கு என்ன வேண்டும், அதைச் சொல்லு, சொல்லிவிட்டு நிறுத்து. அதைத்தான் வாராவாரம் ஐந்து வரி என்று இந்தப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதுகளும் எழுதுகின்றன, எப்படி எழுதுகின்றன! எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது. மூன்று குட்டி. ஒன்று எழவில்லை. அப்பா அதைத் துணியில் சுற்றினார். அம்மா ஆட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. அது கனிஷ்கா எழுதியது, ஆடிமாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள் இவள். அந்தப் பிள்ளைதான் ஜன்னலோரம் உட்கார்ந்து இப்போது சிறுமலைப் பக்கம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் நடந்தது என்ன. இந்த மாதம் பதினோராம் தேதி, செவ்வாய், இரண்டாம் பாடவேளை. பதினோரு மணிக்குள் பிள்ளைகளின் உயரம், எடை, ரத்த வகை எல்லாம் ஏற்றியாக வேண்டும், ஏற்றாத பள்ளிகளின் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வரும், நம் பள்ளி பெயர் வந்தால் அசிங்கம் என்று எச்.எம். காலையிலேயே இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போனில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒரு பெயர் ஏறுவதற்குள் நெஞ்சு உலர்ந்துவிடும். பத்தொன்பதாவது பெயரில் இருந்தாள். டீச்சர் என்று ஒரு குரல். ஒரு நிமிஷம். டீச்சர், தலை சுத்துது டீச்சர். ஒரு நிமிஷம் இரும்மா, இது போயிரும். இருபதாவது பெயர். பிறகு கிட்டத்தில் வந்து, மேசையின் ஓரத்தில் விரல் தெரிந்தது, மெலிந்த விரல், நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது, அந்த விரலைப் பார்த்தாள், ஆமாம் பார்த்தாள், விரலைப் பார்த்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. "டீச்சர்." "ஒரு நிமிஷம்னு சொல்றேன்ல." கோபமாகச் சொன்னாள். அதை அப்பாக்காரன் புகாரில் எழுதவில்லை, பிள்ளை அதைச் சொல்லவில்லை போலும். விரல் மேசையை விட்டுப் போயிற்று. இரண்டு எட்டு எடுத்து வைத்திருக்கும். முதலில் விழுந்தது யாருடையதோ டிபன் பாக்ஸ், அந்தச் சத்தத்துக்கு யாருடா அது என்று அதட்டிக்கொண்டே நிமிர்ந்தாள், நிமிர்ந்தபோது பிள்ளை தரையில் கிடந்தது, பெஞ்சின் முனையில் ரத்தம். பிறகு ஓட்டம்தான், தூக்கியது, ஆட்டோ, மடியெல்லாம் ரத்தம், கண்ணைத் திற கண்ணு, கண்ணைத் திற. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "பிள்ளைக்கு என்ன பிளட் குரூப் டீச்சர்?" என்று கேட்டாள். பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் இதே கையால் கனிஷ்கா என்ற பெயருக்கு நேரே அதைப் பதிந்திருக்கிறாள். பதிந்தது போனில் இருக்கிறது, போன் பள்ளிக்கூடத்து மேசைமேல் இருக்கிறது, இவளுக்கு வாயில் வரவில்லை. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் இருந்தது பிள்ளைக்கு. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் முகத்திலேயே தெரிந்திருக்கும். அப்பா பாண்டீஸ்வரன் லோடு வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தான், கத்தினான். "போன்ல படம் பாத்துக்கிட்டிருந்தீங்களா டீச்சர்?" என்று கேட்டான். படம் இல்லைப்பா, அரசாங்க வேலை என்று சொல்ல வாயெடுத்தவள், அதில் இந்தப் பிள்ளைக்கு என்ன வித்தியாசம் என்று தோன்றி அதை விட்டுவிட்டாள்.

மணி மூன்று நாற்பது. பயம் இப்போதுதான் நிஜமாக வருகிறது. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் பதினேழாவது. அடுத்த மாதம் கலந்தாய்வு. நடவடிக்கை நிலுவையில் இருந்தால் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஐம்பத்து நாலு வயசில் தாண்டிப் போனால் பிறகு திரும்பி வரமாட்டார்கள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வேண்டாம் என்று நடிப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள். வேண்டும், ஆசையாக இருக்கிறது, எத்தனை வருஷம் மற்றவர்கள் உட்கார்ந்து தூங்கியதைப் பார்த்திருக்கிறாள். காலை முதல் பாடவேளையில் எந்த வாத்தியாரும் போனைத் தொடக் கூடாது, அந்த நாற்பது நிமிஷம் பிள்ளைகளுக்கு என்று ஒரு சட்டம் போட வேண்டும், நூலக அறைப் பூட்டை உடைக்க வேண்டும், எல்லா வகுப்புக்கும் ஐந்து வரி. மனசுக்குள் எல்லாம் தயாராக இருக்கிறது. இந்த ஒரு கையெழுத்தைப் போட்டால் அதெல்லாம் நடக்கும், நூறு பிள்ளைகளுக்கு, இருநூறு பிள்ளைகளுக்கு நல்லது. யாருக்கு என்ன நஷ்டம், பிள்ளை நன்றாகிவிட்டாள், தழும்பும் மறையும். பார்த்தாயா, எவ்வளவு அழகாக எழுதுகிறது மனசு, சந்தானம் தோற்றார். சரி, போட்டுவிடுவோம். டைப் அடித்த தாளை இழுத்தாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த வேளையில் என்று இருந்தது, கண்ணை ஓடவிட்டுக் கடைசிக்கு வந்தாள். பேனாவைக் கையெழுத்து இடத்தில் வைத்தபோது அதன் அடியில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. இணைப்பு: மாணவர் வாக்குமூலங்கள் முப்பத்து நான்கு. என்ன வாக்குமூலம்? நேற்று அவள் பயிற்சிக்குப் போயிருந்தாள், வகுப்பை யார் பார்த்துக்கொண்டது என்றுகூடக் கேட்கவில்லை. பச்சை டேக்கை அவிழ்த்தாள்.

எல்லாம் கோடு போட்ட தாள். எல்லாம் ஒரே மாதிரி. எங்கள் தமிழாசிரியை அவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி கனிஷ்கா அனுமதியின்றித் தானாக எழுந்து ஓடியதால் கால் இடறி விழுந்துவிட்டாள். ஆசிரியை அவர்கள் உடனடியாக முதலுதவி செய்தார்கள். இதில் ஆசிரியை அவர்களின் தவறு ஏதுமில்லை என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, மாணவர் பெயர். முதல் தாளில் மாணவர் பெயர் என்றே இருந்தது. இரண்டாவதிலும் மாணவர் பெயர். சந்தானம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார், பிள்ளைகள் பார்த்து எழுதியிருக்கின்றன, உன் பெயரை எழுது என்று சொல்ல மறந்திருப்பார், பலகையில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டன பன்னிரண்டு பிள்ளைகள். அவளுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது, முன் பெஞ்சு நிமிர்ந்து பார்த்தது. ஒரு பிழை இல்லை. எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, வரியை விட்டு இறங்காத எழுத்து, இவள் கையைப் பிடித்து வளைத்துக் கொடுத்த எழுத்து. என்ன அருமையாகக் கற்றுக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றது. இதுகள் எல்லாம் பார்த்ததுகள். முப்பத்து நாலும் அந்த அறையில் இருந்தன. வாராவாரம் பார்த்ததை எழுது, பார்த்ததை எழுது என்று சொன்னதெல்லாம் ஒரே நாளில், இருபது நிமிஷத்தில் போயிற்று. பார்க்காததை எழுதினால் மார்க் கிடையாது என்று சொன்னவளைக் காப்பாற்றத்தான் எழுதியிருக்கின்றன, அதுதான் இன்னும் மோசம், டீச்சர்மேல் உள்ள பிரியத்தில் எழுதியிருக்கின்றன. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினொன்றாவது தாளில் கை நின்றது. அதே வரிகள்தான். மாணவி கனிஷ்கா அனுமதியின்றித் தானாக எழுந்து ஓடியதால் கால் இடறி விழுந்துவிட்டாள். அடியில், பெயரை ஒழுங்காக எழுதியிருந்தது. இப்படிக்கு, பா. கனிஷ்கா. தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று தெரியாமலா எழுதியிருக்கும். ஓடியதால் என்ற இடத்தில் ஒரு முறை அடித்துவிட்டு, பிறகு அடித்ததற்கு மேலேயே அதை மறுபடி எழுதியிருந்தது. சேசுவே, என்ன காரியம் செய்துவிட்டேன். இவ்வளவு நாளும் அந்த ஆறு தையல்தான் தன்மேல் இருக்கிற பழி என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அது ஆறிவிட்டது, இது அல்லவா ஆறாதது. திங்கட்கிழமையிலிருந்து தூக்காத அந்தக் கையை இதை எழுத வைத்துவிட்டோமே என்று நினைத்தாள். அழுதால் முப்பத்து நாலும் சேர்ந்து அழும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, எழுந்துவிட்டாள். கட்டைப் பிரித்துப் பெஞ்சு பெஞ்சாகப் போய் அவரவர் தாளை அவரவரிடம் கொடுத்தாள், பெயரில்லாத பன்னிரண்டையும் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்தாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. "இது நீங்க எழுதினது இல்ல. பலகையில இருந்தது. அன்னைக்கு நான் பாடம் நடத்தல, போன்ல விவரம் ஏத்திக்கிட்டிருந்தேன், நீங்க எல்லாரும் பாத்தீங்க. எனக்காகப் பொய் எழுத வேணாம், யாருக்காகவும் வேணாம். முன்பக்கத்தைக் குறுக்கே அடிச்சிருங்க. பின்பக்கம் வெள்ளையா இருக்கு, தாளை வீணாக்கக் கூடாது, ஐந்து வரி அதுல எழுதுங்க. எதைப் பத்தி வேணும்னாலும் எழுதலாம். உங்க வீட்டுக் கோழியைப் பத்தி எழுதினாலும் சரி." நாலைந்து பிள்ளைகள் சிரித்தன. ஜன்னலோரம் வந்தபோது குனிந்தாள். முழங்கால் வலித்தது, பரவாயில்லை என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்துக்கு நேராகத் தன் முகம் வருகிற அளவுக்குக் குனிந்தாள். "நீ ஓடல கண்ணு. தலை சுத்துதுன்னு சொன்ன, மூணு தடவை கூப்பிட்ட. நான்தான் ஒன்னைப் பாக்கல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுக்க." கனிஷ்கா தாளை வாங்கித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அமலோற்பவம் நாற்காலிக்குத் திரும்பினாள், பேனாவை எடுத்தாள், இந்தத் தடவை அது நிற்கவில்லை. பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் நான் பாடம் நடத்தாமல் மாணவர் விவரங்களைக் கைப்பேசியில் பதிவேற்றிக்கொண்டிருந்தேன். மாணவி கனிஷ்கா என்னை மூன்று முறை கூப்பிட்டுத் தலை சுற்றுவதாகச் சொன்னாள். மூன்று முறையும் நான் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு நிமிஷம் என்று சொன்னேன். அவள் மயங்கி விழுந்ததில் புருவத்துக்கு மேல் ஆறு தையல் போட வேண்டியதாயிற்று. பாடவேளையில் எந்த ஆசிரியரும் கைப்பேசியில் விவரம் பதியும் நிலை இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்தாள், ஐந்து. ஆறாவதாகக் கருணை கூர்ந்து என்று ஒன்று வரப் பார்த்தது. சவரியம்மாவை நினைத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடின, வராந்தா அதிர்ந்தது. சந்தானம் கவரும் பசையுமாக வாசலில் வந்து நின்றார். கையை நீட்டினார், ஒற்றைத் தாளைக் கொடுத்தாள். "இணைப்பு?" என்றார். "இணைப்பு ஏதும் இல்லை சார்." அவர் நின்றவாக்கில் படித்தார், சின்னத் தாள்தானே, படித்து முடிக்க நேரம் ஆகவில்லை, முகம் மாறிவிட்டது. "டீச்சர், விளையாடாதீங்க. இது போனா பட்டியல்ல பேரு நிக்காது. நாளைக்கு ஏன் சார் முன்னாலயே சொல்லலைன்னு கேக்கக் கூடாது." "கேக்க மாட்டேன் சார்." "அப்ப ஒட்டிரவா?" "ஒட்டுங்க." பயம் போகவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும், நாளைக்கும் இருக்கும். நாற்காலி போனால் போகிறது, வகுப்பு இருக்கிறது, இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இனி வகுப்புக்குள் காலெடுத்து வைப்பது என்று முடிவு செய்துகொண்டாள். மேசைமேல் தாள்களை அடுக்கினாள். எண்ணினால் முப்பத்து மூன்றுதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் தலை கவிழ்ந்தபடி கனிஷ்கா இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து வரி எப்போதோ தாண்டியிருக்க வேண்டும், கை பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. சந்தானம் வாட்சைப் பார்த்தார். "ஏ பாப்பா, மணி அடிச்சது கேக்கலையா? டீச்சர் எவ்வளவு நேரம் நிப்பாங்க, குடு." பிள்ளை நிமிரவில்லை. பேனா பிடிக்காத இடது கையை மட்டும், பழைய மாதிரி, காதுக்கு மேலே உயரத் தூக்கிக் காட்டியது.

"ஒரு நிமிஷம் டீச்சர்."

அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நீ எழுதும்மா" என்றாள். நாலு இருபது பஸ் போனால் ஐந்து மணிக்கு இன்னொன்று இருக்கிறது.